செம்பியன் மாதேவியார் நினைவு

ஒரு குடும்பத்தில் நெடுங்காலம் தலைநின்ற மூதாட்டியார் ஒருவர் மறைந்தபின்பு, அவ்வில்லம் முன்போலவே இயங்கினும், அதன் நடுவே ஒரு வெற்றிடம் தோன்றுதல் யாவரும் அறிந்ததே. அந்தியில் விளக்கேற்றும் வேளை வந்தால் அவர் குரல் செவியில் ஒலிப்பதுபோல் இருக்கும். திருநீற்றுக் கோயிலைக் கையில் எடுக்குந்தோறும் அவர் விரல்களின் நினைவு எழும். மக்களும் மருமக்களும் பேரரும், அவர் சொல்லுக்கு அஞ்சியதையும் அவர் அன்புக்கு உருகியதையும் ஒருங்கே எண்ணிக் கண் கலங்குவர். ஆயினும் இந்நினைவு எத்துணைக் காலம் நிற்கும்? மக்கள் தலைமுறையில் அது கண்ணீராய் நிற்கும். பேரர் தலைமுறையில் கதையாய் நிற்கும். அதற்கப்பால் பெயரும் மறைந்தொழிதலே உலகியற்கை.

இவ்வியற்கையைக் கடந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மறவாது போற்றப்பெறும் மூதாட்டியார் ஒருவர் சோழர் பெருங்குடியில் விளங்கினார். அவரே செம்பியன் மாதேவியார். அவர் தமக்கெனச் செய்துகொண்ட நினைவுக்குறி யாதென ஆராயின் பெரிதாக ஒன்றும் புலப்படாது. பிறர் நினைவைக் காத்தலே அவர் வாழ்நாள் முழுதும் செய்த தொண்டு. அத்தொண்டே அவர் நினைவையும் காத்து நின்றது. இதனை ஒரு சிறிது சிந்தித்தல், முதியோரை இழந்து வருந்தும் எக்குடும்பத்தார்க்கும் ஆறுதலும் வழிகாட்டுதலும் ஆகும்.

செம்பியன் மாதேவி என்பது சோழர்குலப் பெருந்தேவியார்க்கு உரிய பட்டப்பெயர். அவர் மழவரையர் எனப்பட்ட குறுநிலத் தலைவர் குடியிற் பிறந்தவர். முதற் பராந்தக சோழரின் புதல்வராகிய கண்டராதித்தரை மணந்தவர். கண்டராதித்தர் அரசுகட்டில் ஏறிய காலம் சோழர்க்கு நற்காலம் அன்று. 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் அவருடைய தமையனார் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தார். தொண்டைநாடு பகைவர் கைப்பட்டது. குறைந்துபோன நாட்டினையும் துயருற்ற குடும்பத்தையும் ஏற்ற கண்டராதித்தர், வாளினும் சிவபெருமான் திருவடியையே பெரும்பற்றாகக் கொண்டவர். தில்லைக் கூத்தப்பெருமானைப் பாடிய அவர்தம் திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளமையைச் சைவ அன்பர் யாவரும் அறிவர். கல்வெட்டுக்களும் அவரைச் சிவஞான கண்டராதித்தர் எனச் சிறப்பித்துக் கூறும்.

இத்தகைய கணவரோடு அம்மையார் வாழ்ந்த இல்வாழ்க்கை நெடிது நீடவில்லை. 957-ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் மறைந்தார். அவருடைய ஒரே புதல்வர் மதுராந்தகர் அப்பொழுது சிறு குழந்தை. ஆட்சி, கண்டராதித்தரின் தம்பியார் அரிஞ்சயர்க்கும், பின்னர் அரிஞ்சயரின் மகனார் சுந்தர சோழர்க்கும் சென்றது. கணவரை இழந்து, மைந்தர்க்குரிய அரியணையும் வேறு கிளைக்குச் செல்லக் கண்ட ஓர் இளந்தாயின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்முன் மூன்று வழிகள் இருந்தன. கணவரோடு உடன்கட்டை ஏறுதல் ஒன்று. மகனுக்காக அரண்மனையிற் பூசல் விளைத்தல் மற்றொன்று. மூன்றாவது, துயரத்தை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு வாழ்ந்து தொண்டு செய்தல்.

முதல்வழியை அக்காலத்து உலகம் புகழாமல் இல்லை. அக்குடும்பத்திலேயே சுந்தர சோழரின் தேவியாராகிய வானவன் மாதேவியார், கணவர் மறைந்தபொழுது, பால்மணம் மாறாத மகவையும் பிரிந்து தீப்புகுந்தார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு ஒன்று உருக்கமாகக் கூறும். அவர்தம் அன்பினைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. எனினும், தீயிற் புகுதற்கு ஒரு நாளைத் துணிவு வேண்டும். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கைம்மையைச் சிவத்தொண்டாக மாற்றுதற்கு நாள்தோறும் புதுப்பிக்கும் துணிவு வேண்டும். அம்மையார் பின்னதனை மேற்கொண்டார். பெற்ற பிள்ளையை வளர்க்கும் கடனும், கணவர் உள்ளத்தில் கொண்டிருந்த சிவபத்தியை உலகில் நிலைநாட்டும் கடனும் தம்மைச் சார்ந்தவை என்று அவர் கருதினார் போலும். அவருடைய உறுதியை முதன்முதல் காட்டுவது அவர் உயிர்வாழத் துணிந்த இச்செயலே.

இரண்டாம் வழியாகிய பூசலும் அவரை நெருங்காமல் இல்லை. சுந்தர சோழரின் மூத்த மைந்தர் ஆதித்த கரிகாலர் 969-ஆம் ஆண்டளவில் வஞ்சனையாற் கொல்லப்பட்டார். அக்கொடுஞ்செயலிற் சம்பந்தப்பட்டோரின் உடைமைகளை அரசாங்கம் கைக்கொண்ட செய்தியை, இராசராச சோழரின் இரண்டாம் ஆட்சியாண்டில் எழுந்த உடையார்குடிக் கல்வெட்டுத் தெரிவிக்கும். ஆதித்தருக்குப்பின் அரசெய்தியவர் அம்மையாரின் புதல்வர் மதுராந்தகர். அவரே உத்தம சோழர். ஆதலின், பிற்கால வரலாற்றாராய்ச்சியாளருட் சிலர் அவர்மேலும் ஐயுற்றனர். வேறு சிலர் அவ்வையத்தை மறுத்தனர். எங்ஙனமாயினும், ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்து அழிவதற்கு இதனினும் பெரிய காரணம் வேண்டுவதில்லை. கொலையுண்டார் தம்பியாகிய அருண்மொழித்தேவர் ஒருபுறம். அரியணை ஏறிய சிற்றப்பனார் ஒருபுறம். இருவர்க்கும் மூத்தவராய் நடுவே நின்றவர் அம்மையார்.

அக்குடும்பம் பிளவுறவில்லை. குடிகள் விரும்பி அழைத்தும், தம் சிற்றப்பனார்க்கு அரசாளும் விருப்பம் உள்ளவரை அருண்மொழித்தேவர் அரசினை மனத்தாலும் நினைந்திலர் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். உத்தம சோழருக்குப்பின் 985-ஆம் ஆண்டில் அவர் இராசராசராக முடிசூடினார். உத்தமரின் புதல்வராகக் கருதப்பெறும் மதுராந்தகன் கண்டராதித்தர் என்பார், இராசராசர் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்ந்த அதிகாரியாக விளங்கினார். அரசுரிமை இழந்த கிளையைச் சார்ந்த ஒருவரை அழித்தொழிப்பதே பல நாட்டு வரலாறுகளிற் காணப்படும் வழக்கம். இங்கோ, பாட்டனார் பெயர் தாங்கிய அப்பேரர், பாட்டியார் தொண்டுசெய்த அதே திருக்கோயிற் றுறையிலேயே பணியாற்றினார். இவ்விணக்கத்திற்கு இராசராசரின் பெருந்தன்மை ஒரு காரணம். இரு கிளையாராலும் ஒருங்கே போற்றப்பட்ட பெரும்பாட்டியார் ஒருவர் அவ்வீட்டில் உயிருடன் இருந்தமை மற்றொரு காரணம் எனக் கொள்ளுதல் தவறாகாது. முதியோர் இருக்கும் வீட்டில் உரத்த சொல் எழாது என்பது தமிழர் இல்லந்தோறும் கண்டறியும் உண்மை.

இனி, அம்மையார் மேற்கொண்ட மூன்றாம் வழியை நோக்குவோர்க்கு வியப்பு மேன்மேலும் பெருகும். மூவர் முதலிகளின் திருப்பதிகம் பெற்ற தலங்கள் பலவற்றில் அக்காலத்துத் திருக்கோயில்கள் செங்கல்லால் ஆகி, மழையாலும் காலத்தாலும் சிதைந்துகொண்டிருந்தன. அவற்றைக் கற்றளியாக எடுத்து நிலைபெறச் செய்தலை அம்மையார் தம் பணியாகக் கொண்டார். திருநல்லம், திருமுதுகுன்றம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, திருத்துருத்தி ஆகிய தலங்களெல்லாம் அவர்தம் திருப்பணியால் பொலிவுற்றவை. அவை பெரும்பாலும் அளவிற் சிறியன. விண்ணளாவ எடுத்துத் தம் பெருமை காட்டும் கருத்து அவற்றில் இல்லை. பாடல்பெற்ற ஊரில், பாடல்பெற்ற பெருமான், பாடல்பெற்ற இடத்திலேயே கலங்காது வீற்றிருத்தல் வேண்டும் என்னும் ஒரே கருத்து அவற்றிற் காணப்படும். கற்றளியின் தென்புறக் கோட்டத்தில் ஆடவல்லான் திருவுருவத்தை அமைக்கும் வழக்கம் அவர் எடுப்பித்த கோயில்களிலேயே நிலைபெற்றதெனச் சிற்பவியல் அறிஞர் கூறுவர். கணவர் சொல்லாற் பாடிய கூத்தினை மனைவியார் கல்லிலே காட்டினார்.

இவற்றுள் திருநல்லத்துத் திருப்பணி தனிச்சிறப்புடையது. அவ்வூர் இன்று கோனேரிராசபுரம் என வழங்கும். தம் கணவர் திருப்பெயரால் அக்கற்றளியை எடுப்பித்த அம்மையார், அதன் சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானைத் தொழுது அமர்ந்திருக்கும் திருவுருவத்தைச் செதுக்குவித்து, அவ்வுருவம் இன்னாரது என்பதைக் கல்லில் எழுதுவித்தார். அரசர் வடிவத்தை அமைப்போர் வாளேந்தியும் முடிபுனைந்தும் காட்டுதல் இயல்பு. அம்மையார் நினைவில் நின்ற கணவரோ வணங்கும் கணவர். மறைந்தாரை எந்நிலையில் நினைத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் உயர்ந்த பாடம். அக்கற்றளியைச் செய்து முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பார் பெயரும் அவர் பெற்ற சிறப்பும் அக்கோயிலிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பணித்தார் பெயரோடு பணிசெய்தார் பெயரும் நிற்றல் வேண்டும் என்று கருதிய நெஞ்சம் அது.

கோயிலை எடுத்துவிட்டு அகன்றுவிடும் இயல்பினர் அல்லர் அம்மையார். நாள்வழிபாட்டிற்கு நிலம் விட்டு, அமுதுபடிக்கு இவ்வளவு, விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு, திருநந்தவனம் காப்பார்க்கு இவ்வளவு எனப் பகுத்து வரையறை செய்தார். பெருங்குடும்பத்தை நடத்தும் பாட்டியார், உழக்கு அரிசியும் வீண்போகாமல் அளந்து கொடுத்து, ஒருவர்க்கும் குறைவராமல் காக்கும் திறத்தினை அக்கல்வெட்டுக்களிற் காணலாம். அன்பு கணக்கறியாது என்பர். கணக்கறிந்த அன்பே நூறாண்டு கடந்தும் விளக்கினை அணையாது காக்கும்.

அம்மையாரின் உள்ளத்தை முழுதும் காட்டும் செயல் திருக்கோடிகாவில் நிகழ்ந்தது. காவிரிக் கரையிலுள்ள அத்தலத்தில் பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுக்கும் பணி நடந்தபொழுது, பழங்கற்களில் முன்னோர் செய்த அறங்கள் எழுதப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பல பல்லவ அரசர் காலத்தவை. பல்லவர் ஆட்சி மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு விளக்கிற்குச் சிறிது பொன் கொடுத்தவர், ஒரு வேலி நிலம் ஈந்தவர் எனப் பலருடைய பெயர்கள் அக்கற்களில் இருந்தன. அவர்களுக்குப் பரிந்து பேசுவார் எவரும் இல்லை. அக்கற்களை அடித்தளத்தில் இட்டு மூடியிருப்பின் கேட்பாரும் இல்லை. புதுக்கோயில் எடுக்கும் அரசமாதேவிக்குப் பழையவர் பெயரை மறைத்துத் தம் பெயரொன்றையே விளக்குதல் மிக எளிதாயிருந்திருக்கும்.

அம்மையார் அவ்வாறு செய்திலர். அப்பழைய எழுத்துக்களையெல்லாம் படியெடுக்கச் செய்து, இது பழங்கல்லின் படி என்னும் குறிப்போடு புதுச்சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார். தம் குலத்தார்க்கு முன் ஆண்ட வேற்றுக்குலத்தார் காலத்து அறமும் சிவபெருமானுக்குச் செய்யப்பட்ட அறமே. அதனைச் செய்தவர் ஏழையாயினும் அவர் பெயர் அழிதல் தகாது என்பது அவர் துணிபு. இன்று பல்லவர் வரலாற்றை ஆராய்வோர் அச்சுவர்களை நாடிச்செல்கின்றனர். அங்குப் பொறிக்கப்பட்ட கொடையாளர், அம்மையாரால் இரண்டாம் முறை உயிர்பெற்றவர் ஆவர்.

சைவசித்தாந்த நோக்கில் இச்செயலின் உட்பொருள் ஆழ்ந்தது. யான் எனது என்னும் செருக்கு ஆணவமலத்தின் காரியம். நற்பணி செய்யுமிடத்தும் அது விடாது தொடர்ந்து வந்து, யான் செய்தேன் எனப் பெயர்பொறித்துக் கொள்ளத் தூண்டும். இறைபணியில் நிற்பார்க்கு அச்செருக்குத் தேய்தலே பணியின் பயன். மெய்யன்பர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவன் எழுந்தருளும் நிலையாகக் கொண்டு வழிபடுமாறு சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அறிவுறுத்தும். அம்மையார் வாழ்ந்தது மெய்கண்டதேவர்க்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலம். நூல் எழுமுன்னரே அந்நூற்பொருள் அவர் வாழ்வில் விளங்கியது. கோயிலை அரனாகக் கண்டமையால் அவர் கற்றளி எடுத்தார். அடியாரை அரனாகக் கண்டமையால், பெயரறியா அடியார் ஈந்த சிறுகொடையின் எழுத்தையும் அவர் அழியவிடவில்லை.

இத்தகைய உறுதியுடைய மாமியாரை மருமகளிர் எங்ஙனம் கருதினர் என்பதற்கும் கல்லே சான்று பகர்கின்றது. நாகப்பட்டினம் பகுதியில் அம்மையார் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் ஒன்று உளது. அங்குள்ள கயிலாசநாதர் திருக்கோயிலில், அம்மையார் பிறந்த நாண்மீனாகிய கேட்டையில் சிறப்பு வழிபாடு நிகழுமாறு உத்தம சோழரின் தேவியர் பலர் அறக்கட்டளை வைத்தனர். மாமியார் பிறந்தநாளை மருமகளிர் பலர் ஒன்றுகூடிக் கொண்டாடிய செய்தி, எக்காலத்துக் குடும்பத்திலும் எளிதிற் காணத்தக்கது அன்று. அச்சத்தால் மட்டும் பணிந்திருப்பின் அவர்கள் அரண்மனையளவில் நின்றிருப்பர். இறைவன் திருமுன்னர் அறமாக அதனை நிறுவியமை அன்பின் செயலே ஆகும்.

இராசராசரின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அம்மையார் வாழ்ந்த காலத்தில் அக்குடும்பத்தில் வளர்ந்தவரே. தாதாபுரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகதேவர்க்கும் கோயில்கள் எடுப்பித்ததும், தஞ்சைப் பெருங்கோயிலில் தம் தந்தையார் தாயார் திருவுருவங்களை எழுந்தருளுவித்ததும் குந்தவையாரின் செயல்கள். மறைந்த பெற்றோரைத் திருக்கோயிலில் நினைக்கும் இவ்வழி, திருநல்லத்தில் அம்மையார் முன்னரே காட்டிய வழி. மூத்தவர் வாயாற் சொல்லும் அறிவுரை சிறிது காலமே செவியில் நிற்கும். அவர் செய்து காட்டியது கைவழியே பேரர்க்கு இறங்கும்.

அம்மையாரின் பிற்காலத் திருப்பணியாகத் திருவக்கரைக் கல்வெட்டுத் தெரிவிப்பது 1001-ஆம் ஆண்டைச் சார்ந்தது. கணவர் மறைந்து 44 ஆண்டுகள் ஆனபின்பும் அவர் கை ஓயவில்லை. பராந்தகர் காலம் தொட்டு எழுச்சியும் வீழ்ச்சியும் கண்ட அக்கண்கள், சோழப்பேரரசு மீண்டும் தலையெடுத்ததையும் கண்டன. கணவர், கொழுந்தனார், கொழுந்தனார் மகனார், பேரர் முறையினராகிய ஆதித்தர், இறுதியில் தாம் பெற்ற ஒரே மகனார் என ஒருவர்பின் ஒருவராகத் தம்மின் இளையோரையும் இழந்தும் அவர் உடைந்திலர். மகனாருக்குப் பின்னும் பல்லாண்டுகள் கோயிற்பணியிலேயே நின்றார். துன்பம் அவர்க்கு இல்லாமல் இல்லை. துன்பத்திற்கு அவர் அடிமைப்படவில்லை.

அம்மையார் மறைவுக்குப்பின், இராசராசரின் மைந்தரும் கங்கைவரை படைசெலுத்திப் புகழ்கொண்டவரும் ஆகிய இராசேந்திர சோழர், 1019-ஆம் ஆண்டளவில், செம்பியன் மாதேவி என்னும் அவ்வூர்த் திருக்கோயிலிலேயே அம்மையார் திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதற்கு வழிபாடு நிகழவும் ஏற்பாடு செய்தார். அவர் அம்மையாரின் வயிற்றுவழி வந்தவர் அல்லர். கொழுந்தனார் வழியில் வந்த கொள்ளுப்பேரர் முறையினர். தாய்வழி உரிமையாலோ அரசியற் பயனாலோ அதனைச் செய்ய வேண்டிய தேவை அவர்க்கு இருந்ததில்லை. சிறுவயதிற் கண்ட அல்லது வீட்டார் சொல்லக் கேட்ட ஒரு பெரும்பாட்டியாரின் நினைவே பேரரசரையும் பணியச்செய்தது. கணவரைத் திருக்கோயிற் சுவரில் வணங்கும் வடிவில் நிறுத்திய அம்மையாரைத் திருக்கோயிலிலேயே வணங்கப்பெறும் வடிவில் குடும்பத்தார் நிறுத்தினர்.

இல்லத்து மூதாட்டியாரை இழந்து வருந்துவோர் இவ்வரலாற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. பெரியோர் விட்டுச்செல்லும் பொன்னும் நிலமும் பங்கிடப்படும், பங்கிட்டபின் குறையும். அவர் தொடங்கிவைத்த அறமோ எத்துணைப்பேர் ஏற்றுக்கொள்ளினும் குறையாது பெருகும். அவர் நாள்தோறும் ஏற்றிய விளக்கினை ஏற்றுதலும், அவர் ஆதரித்த ஏழையை ஆதரித்தலும், அவர் ஓதிய திருமுறையை ஓதுதலும், அவர் நினைத்துப் போற்றிய முன்னோரைத் தாமும் நினைத்தலுமே அவர்க்குச் செய்யும் மெய்யான நினைவுக்கடன்.

திருநல்லத்துக் கற்சுவரில் கண்டராதித்தர் இன்றும் கைகூப்பி அமர்ந்திருக்கின்றார். திருக்கோடிகாவில் பல்லவர் காலத்துக் கொடையாளர் பெயர்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவற்றைக் காணச் செல்லும் அன்பர், காத்தளித்த அம்மையாரையும் ஒருகணம் நினைந்து, தம் இல்லத்தில் அவ்வாறு காத்தளித்த மூதாட்டியாரையும் உடன் நினைந்து தொழுவாராக.

திருச்சிற்றம்பலம்.